மாங்காட்டில் இல்லாத செடி

முந்தாநாள் வெற்றிலையைப் பழைய நாளிதழில் மடித்து வைக்கும்போது, என் கை தானாகவே ஓர் இலையை மட்டும் குப்புறத் திருப்பிப் போட்டது. செடியைத் தாளில் பரப்பும்போது ஓர் இலையாவது முதுகைக் காட்டவேண்டும் என்பது நம் ஆய்வகத்து வழக்கம். ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் கைக்கு மறக்கவில்லை. அடுக்களையிலேயே உட்கார்ந்து அழுதேன். மருமகள் வெங்காயம் என்று நினைத்துக்கொண்டாள், நல்லவேளை.

நீ கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர், நான் அங்கேயே ஆய்வக உதவியாளர். ஒரே வயது, ஆவடியில் அடுத்தடுத்த தெரு, ஒரே ரயில். கல்லூரிக்குள் உன்னை ‘மேடம்’ என்பேன். ரயிலேறியதும் ‘ஏண்டி’ ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு, அதே பட்டுப்புடவையில் முட்புதருக்குள் நுழைகிற இன்னொரு பெண்ணை நம் பங்கில் நான் பார்த்ததில்லை. துணைக்கு வந்ததில் என் புடவைகளும் கிழிந்தன.

எண்பதுகளின் நடுவில், மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு. ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் ஏரிக்கரைக்குக் கீழே, கள்ளி மண்டிய மேட்டில் நீ சட்டென்று மண்டியிட்டாய். இடுப்புயரப் புதர், விரல்நகம் அளவில் வெளிர்மஞ்சள் பூ. வேலிக்குக்கூட ஆகாது என்றுதான் எனக்குத் தோன்றியது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாளுக்கும் அப்படித்தான்.

“இன்னாம்மா, அதாண்ட போயி மண்டி போட்டுகினு கீறே? அத்த ஆடுகூட வாயில வெக்காது.”

“அதனாலதாம்மா இன்னும் உயிரோட இருக்கு” என்றாய்.

ஒரு வாரம் புத்தகங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, அழிந்துவரும் செடிகளின் பட்டியலில் அது இருப்பதாகச் சொன்னாய். நம் பக்கத்தில் அதைப் பார்த்ததாக எழுதியவர்கள் எல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த மேட்டில் இருந்தவை மொத்தம் ஏழு. ஒரு கிளையை மட்டும் வெட்டி, உலர்த்தி, தாளில் தைத்தாய். தாளின் மூலையில் ஒட்டும் சீட்டில் செடியின் பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர் எல்லாம் வரவேண்டும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சீட்டுகளை எப்போதும் என்னைத்தான் எழுதச் சொல்வாய்.

அங்கேதான் என் புத்திசாலித்தனம் குறுக்கே வந்தது. நம் மாணவிகள் ஒவ்வொருத்தியும் செய்முறைத் தேர்வுக்கு உலர்ந்த செடிகளைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அபூர்வமானது என்று தெரிந்தால் வேரோடு பிடுங்கிவருவார்கள். ஒரு வகுப்புக்கே ஏழு செடி காணாது.

“மாங்காடுன்னு போட்டுடலாம்டி. அங்க போய்த் தேடட்டும்” என்றேன்.

“சீட்டுல பொய் எழுதக் கூடாதுடி. நாளைக்கு நாம இல்லன்னாலும் அதுதான் பேசும்.”

“பேசுறது இருக்கட்டும். மொதல்ல செடி இருக்கட்டும்.”

இரண்டு நாள் நீ பிடிகொடுக்கவில்லை. மூன்றாம் நாள், “உன் இஷ்டம்” என்று பேனாவை என் பக்கம் தள்ளினாய். எனக்கு ஒரே பெருமை. சில வருடங்கள் என் கெட்டிக்காரத்தனம் பலித்தது. மாதம் ஒருமுறை போய் எண்ணுவோம், ஏழும் இருக்கும்.

தொண்ணூறுகளில் அந்த மேட்டில் மனைக்கல் நட்டார்கள். நீ மனு எழுதினாய். அத்தாட்சிக்கு அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு இருவரும் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி கெட்டவர் அல்ல. கண்ணாடியை மாட்டி நிதானமாகப் படித்தார்.

“இதுல மாங்காடுன்னு இருக்கே மேடம். சேக்காட்டுக்கு எதுக்கு மனு?”

“அது தப்பா எழுதினது சார்.”

“அன்னிக்கு எழுதினது தப்புன்னா, இன்னிக்குச் சொல்றத எதை வெச்சு நம்புறது? யாரு எழுதினது இதை?”

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வேலை நிரந்தரமாகாத காலம் அது என்று இத்தனை நாளாக எனக்கே சமாதானம் சொல்லிவந்திருக்கிறேன். வெறும் சாக்கு. பயந்தேன், அவ்வளவுதான்.

“நான்தான் சார்” என்றாய் நீ.

மனு அங்கேயே நின்றது. விஷயம் கல்லூரிக்கு வந்தபோது, எந்த ஊரில் எடுத்தோம் என்றே தெரியாத விரிவுரையாளர் என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நீ எதைக் கண்டேன் என்று சொன்னாலும் “நிச்சயமா அங்கதானா மேடம்?” என்று ஒரு கேள்வி வரும். நீ மெல்ல மெல்லச் சொல்வதையே நிறுத்திக்கொண்டாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மறுமாதம் நாம் போனபோது மேடு இல்லை, தரை சமமாகக் கிடந்தது. முன்பே பதியம் போட்டு உன் மொட்டைமாடித் தொட்டியில் வைத்திருந்த ஒன்றும் ஈஸ்டருக்குள் காய்ந்துவிட்டது. சில வருடங்கள் கழித்து யாரோ நம் சீட்டை நம்பி மாங்காடு முழுக்கத் தேடியிருக்கிறார்கள். கிடைக்காமல், அங்கே அந்தச் செடி அற்றுப்போயிற்று என்று எழுதிவிட்டார்கள். அது பிறக்கவே பிறக்காத ஊர் மாங்காடு. வாழ்ந்து செத்த சேக்காட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. தொலைபேசியில் இதைப் படித்துக்காட்டி, “பொணம் ஒரு ஊர்ல, எழவு ஒரு ஊர்லடி” என்று நீ சிரித்தாய். என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில் உன் பெட்டியின் மேல் ஒரு பிடி மண் போட்டபோதாவது சொல்லியிருக்கலாம். உன் மகனும் பழைய ஆசிரியைகளும் அங்கே நின்றிருந்தார்கள். வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்துவிட்டேன்.

அழுது முடித்தபின் இதற்குமேல் தாங்காது என்று தோன்றியது. நேற்று நகரத்துக்கு ரயிலேறினேன். கல்லூரியின் செடித் தாள்கள் எல்லாம் இப்போது அங்கே ஒரு பெரிய சேகரிப்பில் இருக்கின்றன. பொறுப்பில் இருந்த பெண் நம் தாளைத் தேடி எடுத்துவந்து மேசையில் வைத்தாள். பூ பழுப்பேறியிருந்தது. என் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

“பழைய சீட்டத் தொடக் கூடாது ஆன்ட்டி. கீழ வேணும்னா இன்னொரு சீட்டு ஒட்டலாம். உங்க பேரும் தேதியும் போடுங்க” என்றாள்.

எழுதினேன்: ‘இடம் தவறு. இச்செடி சேக்காட்டில் எடுக்கப்பட்டது. தெரிந்தே மாங்காடு என எழுதியவள் நான். எடுத்தவர் மீது பிழை இல்லை.’ கீழே என் பெயர்.

தேதியில் கை நின்றுவிட்டது. நாம் அந்த அலுவலகத்துக்குப் போன நாளைப் போடலாமா என்று கேட்டேன்.

“எழுதற அன்னிக்குத் தேதிதான் ஆன்ட்டி போடணும்.”

போட்டேன். பசை காய்கிறவரை அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். இனி யார் அந்தத் தாளை எடுத்தாலும் உன்மேல் தவறில்லை என்று தெரிந்துகொள்வார்கள். உன்னால் மட்டும் அதைப் படிக்க முடியாது என்பதும், நீ போன பிறகு விழுந்த அந்தத் தேதியிலேயே இருக்கிறது.