அரிசி டப்பாவில் போன்

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நான் சுகம், அப்பா சங்கதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், சிரித்து முடித்துவிட்டு மேலே படி. போன வாரம் முழுக்க நீ கூப்பிட்டும் நாங்கள் எடுக்காதது கோபத்தில் இல்லை, வீட்டில் இருக்கிற ஒரே போனை நான் எவர்சில்வர் அரிசி டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வைத்திருந்தேன்.

அப்பாவுக்கு இடது காதுக்கு மேலே மண்டைக்குள் ஒரு கட்டி. உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு, போனில் பேசினால் பக்கத்திலேயே வந்து நிற்கிறார், அதனால்தான் கடிதம். வேன் ஓட்டின காலமெல்லாம் அந்தக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே திரிந்தவர், போதாததற்கு நம் மொட்டைமாடியில் செல்போன் டவர், எனக்கு வேறென்ன தோன்றும்? பெரிய டாக்டரிடமே கேட்டேன். "போனால வந்துச்சுன்னு சொல்ல ஆதாரம் இல்லம்மா, எதனால வந்துச்சுன்னு எனக்கே தெரியல, முதல்ல கட்டிய எடுப்போம், ஆபரேஷன் தேதிய போன்ல சொல்வாங்க" என்றார். கீழ்வீட்டுத் தையல்காரியோ, "டப்பால போட்டு மூடுக்கா, கதிரு வெளிய வராது" என்றாள். அவர் தெரியாது என்றார், இவள் தெரியும் என்றாள், தெரியும் என்றவள் பக்கம் சாய்ந்துவிட்டேன். "கட்டி எனக்கு, சமாதி போனுக்கா" என்று அப்பாகூடச் சிரித்தார்.

கதிர் வெளியே வரவில்லை, ஆஸ்பத்திரிக்காரர்களின் அழைப்பும் உள்ளே போகவில்லை. நேரில் போய்க் கேட்டால் நர்ஸ், "எத்தன தடவ அடிக்கிறது, அந்தத் தேதிய வேற ஆளுக்குக் குடுத்தாச்சு" என்றாள். இனி அடுத்த மாதக் கடைசிதானாம், நடுவில் யாராவது வராவிட்டால் கூப்பிடுவார்களாம். அப்பா திட்டவில்லையடி, திட்டியிருந்தால் தேவலை. அவர் வலது கைக்கு இப்போது சட்டைப் பொத்தான் பிடிபடுவதில்லை. புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நில்லுங்கள் என்று கேலி பண்ணிக்கொண்டே நான்தான் போட்டுவிடுகிறேன், கேலியை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று அவருக்கும் தெரியும்.

லீவு போட்டு வந்துவிடு. வந்ததும் ஒன்றும் தெரியாதவள் போல நடி, உனக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். தலைமாட்டில் போனை வைத்துத் தூங்காதே, டாக்டர் சொல்லாவிட்டாலும் நான் சொல்கிறேன். நோய்நொடி அண்டாமல் ரெண்டு பேரும் தலைநரைக்க வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற வாயாடி

ஒட்டுவதற்கு முன் இன்னொன்று. ஆஸ்பத்திரி கூப்பிடுவதைத் தவறவிடக்கூடாது என்று போனைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தேன். இன்று துணி அலசக் குனிந்தபோது அது வாளியில் முங்கிவிட்டது. ஈரம் இழுக்க அரிசிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். அதே டப்பாவில்தான் இருக்கிறது. மூடி போடவில்லை.