இரண்டு வீதம் குறைந்த மருந்து

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ரூபிகாவுக்கு,

நான் சுகம். எல்லாரும் முதல் வரியில் சும்மா எழுதி வைக்கிற சுகம் இல்லை இது, உண்மையான சுகம். போன கிழமை மருந்து ஏற்றினார்கள். நேற்றுத் தொடக்கம் சோறு வாய்க்கு ருசிக்கிறது. நீ போனை எடுத்திருந்தால் இதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்திருப்பேன். நீ எடுக்கவில்லை. அதனால்தான் இந்த வயதில் கொப்பித் தாள் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஜொனாதன் திங்கட்கிழமை ஜேர்மனிக்குத் திரும்புகிறான். அவனிடம் இதையும் ஒரு பை மிளகாய்த்தூளையும் கொடுத்து விடுகிறேன். தூளுக்காகவாவது கதவைத் திற.

முதலில் அன்றைக்கு நடந்ததைக் கதைப்போம். மருந்து வரவேண்டிய நாளுக்கு அப்பா செய்து வைத்த ஆரவாரம் உனக்குத் தெரியாது. அட்டமி நவமி படாத நாளாகத் தாருங்கள் என்று டொக்டர் ஹெக்டரிடம் போய் நின்றார். அந்த மனுசனும் சிரித்துவிட்டு ஒரு புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். பிள்ளையார் கோயிலில் என் பெயருக்கு அருச்சனை. பாமன்கடை மாமி விடிய முதல் பிட்டோடு வந்து நின்றா. நான் சேலை உடுத்து வெளிக்கிட்டு நிற்கும்போதுதான் மருந்து வரவில்லை என்று ஆஸ்பத்திரியில் இருந்து அறிவித்தார்கள். அதற்குப் பிறகு உன் போன்.

அங்கே மருந்தைச் சோதித்து அனுப்புகிற இடத்தில் அதை நிறுத்தியது நீதான் என்று சொன்னாய். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீதமாவது சுத்தமாக இருக்க வேண்டுமாம், தொண்ணூற்று மூன்றுதான் இருந்ததாம். பெட்டியில் கொழும்பு என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அது அம்மாவுக்குத்தான் என்று தெரிந்த பிறகுதான் வேண்டாம் என்று கையெழுத்து வைத்தேன் என்றும் சொன்னாய். அதை நீ சொல்லாமல் விட்டிருக்கலாம். உனக்கு மறைக்க வராது, அது என் வளர்ப்பு. அப்பா போனைப் பறித்தார். பெத்த தாய்க்கு ரெண்டு வீதம் விட்டுக் குடுத்தால் என்ன குடி முழுகிப் போகுமோ, உன்னைப் படிப்பிச்சது இதுக்கோ எண்டு கத்தினார். புறக்கோட்டைக் கடையில் வாழ்நாள் முழுக்கச் சத்தம் போட்ட தொண்டை அது, உனக்குத் தெரியும்தானே. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரே ஒரு வரிதான் வந்தது, இந்த வேலை எனக்கு வேண்டாம் அம்மா என்று.

நான் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மருந்துக்காகக் காத்திருந்த அந்த இரண்டு கிழமையும் பயந்துகொண்டுதான் இருந்தேன். உன்மேல் கோபமும் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கும் குளியலறைக்குமாக நடக்கும்போது, தொண்ணூற்று மூன்று என்றால் வகுப்பில் முதலாம் பிள்ளை எடுக்கிற மார்க் அல்லவா என்று நினைத்தேன். இத்தனைக்கும் நான் கணித ரீச்சர்.

இரத்தம் சோதிக்கப் போன இடத்தில் நிம்றாவிடம் கேட்டேன். அங்கே அந்த மருந்துகளைக் கையாளுகிற பிள்ளை அவள். நீதான் நிறுத்தியது என்று நான் சொல்லவில்லை. மருந்தில் இரண்டு வீதம் குறைந்தால் எனக்கு என்ன நடக்கும் பிள்ளை என்று மட்டும் கேட்டேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து விளக்கினாள். அந்த மருந்துக்கு எதிரி அந்த மருந்துதானாம். புற்றுநோயைச் சுடுவதற்காக அதற்குள் வைத்த கதிர்வீச்சு, போத்தலுக்குள் செறிவாக இருக்கும்போது பக்கத்தில் இருக்கிற மருந்தையே சுட்டு உடைத்துவிடுமாம். அதனால் செய்து முடித்த கையோடு தண்ணீர் சேர்த்து ஐதாக்கி, விற்றமின் சீயும் போட வேண்டுமாம். அன்றைக்கு உங்கள் இடத்தில் ஏதோ இயந்திரம் நின்றுவிட்டது, மருந்து ஐதாக்காமல் கனநேரம் இருந்துவிட்டது என்று அவள் அறிந்திருக்கிறாள். உடைந்த துண்டுக்குப் புற்றுநோய் இருக்கிற இடம் தெரியாது, ஆனால் கதிர் அதோடு ஒட்டியே இருக்கும், உடம்பு முழுக்க அலைந்து சிறுநீரகத்தையும் எலும்பு மச்சையையும் சுடும் என்றாள். அங்கே தொண்ணூற்று மூன்றாக ஏறுகிற மருந்து கொழும்பில் இறங்கும்போது இன்னும் குறைந்துதான் இருக்கும், வழி நெடுக உடைந்துகொண்டே வரும் என்றும் சொன்னாள்.

எனக்கு உடனே பத்தாம் ஆண்டு ‘சி’ வகுப்பு ஞாபகம் வந்தது. குழப்படிக்காரர் எல்லாரையும் ஒரே வாங்கில் இருத்தினால் மணி அடிக்க முதல் ஒருத்தரை ஒருத்தர் அடித்து முடித்துவிடுவார்கள். தள்ளித் தள்ளி இருத்தி, நடுவில் ஒரு அமைதியான பிள்ளையையும் இருத்த வேண்டும். விழுகிற அடியை அந்தப் பிள்ளை வாங்கிக்கொள்ளும். விற்றமின் சீ அந்தப் பிள்ளைதானா என்று கேட்டேன். ஓம் அன்ட்டி, அதேதான் என்று நிம்றா விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த வீட்டில் உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான் இருக்கிற வாங்கும் அதுதான். அதை அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் ஓட்டோவுக்குள் இருந்து இன்னொன்றையும் நினைத்தேன். ஒன்பதாம் ஆண்டு, இரண்டாம் தவணை, கணிதம். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். உனக்கு முப்பத்து மூன்று. திருத்தியது நான். சொந்தப் பிள்ளைக்கு ரெண்டு மார்க் போட்டால் கை முறிஞ்சு போகுமோ எண்டு அப்பா அன்றைக்கும் இதே தொண்டையால்தான் கேட்டார். நீ ஒரு கிழமை என் முகம் பார்க்கவில்லை. பிறகு நீயாகவே கொப்பியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்து, அட்சரகணிதம் விளங்கவில்லை என்றாய். அந்த வகுப்பில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் பெயில். அவர்களுக்குப் போடாததை உனக்கு எப்படிப் போடுவேன்? கொழும்புப் பெட்டியோடு போக இருந்த மற்றப் பெட்டிகளையும் நீ நிறுத்தினாய்தானே. அவர்களும் யாரோ ஒரு பிள்ளையின் அம்மா, அப்பாதான். ஓட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்து, ஏன் அம்மே அழுறீங்கள் என்று கேட்டான். மகள் பாஸ் என்று சொன்னேன்.

இனி நல்ல செய்தி. இரண்டாவது பெட்டி வந்த அன்றைக்கு நவமி. அப்பா பஞ்சாங்கத்தைத் தொடவே இல்லை. மருந்து வைத்த ஈயப் பாத்திரத்தோடு நிம்றா உள்ளே வந்தவுடன், வணக்கம் கூடச் சொல்லாமல், எத்தனை வீதம் பிள்ளை எண்டு கேட்டார். தொண்ணூற்றெட்டு என்று அவள் சொன்னாள். அந்த மனுசன் கதிரையில் இருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் என் கண்ணால் கண்டேன். பின்னேரத்துக்கிடையில் லிப்டில் ஏறியவர், கோயில் ஐயர், மரக்கறிக் கடை ஸாலிஹ் எல்லாருக்கும் தெரியும், எங்கட பிள்ளை பார்த்து அனுப்பின மருந்து தொண்ணூற்றெட்டு என்று. அதைப் பார்த்தது நீதானோ வேறு யாரோ எனக்குத் தெரியாது. நீ இல்லையென்றால் தயவு செய்து அவரிடம் சொல்லிவிடாதே. மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வராது. இது அவர் கேட்கிற விதம்.

மருந்து ஏற மணித்தியாலக் கணக்கானது. சிறுநீரகத்தைக் காக்கவென்று ஏற்றிய தண்ணீர்தான் குமட்டியது, மருந்து ஒன்றும் செய்யவில்லை. இப்போது உன் அறையில் தனியாகப் படுக்கிறேன். என் உடம்பில் கதிர் இருக்கும்வரை கிட்ட வரக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் அப்பா கடைப் பழக்கத்தில் டேப் பிடித்து அளந்து, நிலத்தில் சோக்கால் கோடு கீறி, கோட்டுக்கு அங்கால் கதிரை போட்டுப் பேப்பரை உரத்து வாசிக்கிறார். மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் வாசிப்பதில்லை. இந்தக் கடிதத்தை நீ கதிர் அளக்கிற கருவியால் அளந்து பார்ப்பாய் என்று வேறு பயப்படுகிறார். அளந்து பார், பிறகு வாசி.

வேலையை விடாதே ரூபி. உனக்கு அந்த வேலை பிடிக்காவிட்டால் விடு, அது வேறு கதை. என்னால் விடாதே. நீ அன்றைக்குக் கண்ணை மூடிக் கையெழுத்து வைத்திருந்தால் அந்த மருந்து எனக்குள் வந்திருக்கும், நானும் உனக்கு நன்றி சொல்லியிருப்பேன், என்ன ஏறியது என்று தெரியாமலே. நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா எடுத்தால் ஒருக்கா கதை. சத்தம் போட மாட்டார், நான் கோட்டுக்கு இங்கால் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் மூன்று தரம் ஏற்ற வேண்டும். அடுத்தது எட்டுக் கிழமையில். அந்தப் பெட்டியிலும் கொழும்பு என்றுதான் எழுதியிருக்கும். சரியென்றால் அனுப்பு. சரியில்லையென்றால் அதையும் நிறுத்து, நிறுத்திவிட்டு எனக்குத்தான் முதலில் போன் பண்ணு. நான் காத்திருப்பேன் பிள்ளை. எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

பிள்ளையார் உன் கையோடும் கண்ணோடும் இருக்கட்டும்.

உன் அம்மா,
சிவமணி தியாகராசா