ஏரோவின் ஒட்டுபால் பந்து

அக்டோபர், இரண்டாம் ஞாயிறு.

ஆராதனை முடிந்ததும் ஏரோவை அம்பூரி மலைக்குக் கூட்டிப்போனேன். பின்லாந்துக்காரன். எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறான். எனக்கு அவன் ஏரோப்பிளேன். அவன் ஊரில் யாருடைய காட்டிலும் யாரும் பழம் பறிக்கலாமாம்.

"இங்கயும் அப்படித்தான் மக்கா. ரப்பர் மரத்துல காஞ்சு ஒட்டியிருக்க ஒட்டுபாலை ஆரு வேணும்னாலும் உரிக்கலாம்" என்று அளந்துவிட்டேன். நம்பிவிட்டான். மரம் மரமாக உரித்துப் பெரிய பந்தாக உருட்டினான்.

பால் வெட்டும் செல்லையன் மாமா பார்த்துவிட்டார்.

"எலே, அத வித்த காசு எனக்க பிள்ளையளுக்க கஞ்சியாக்கும்! ஆரு சொல்லித் தந்தது?"

நான் என் செருப்பைப் பார்த்தேன். ஏரோ என் பக்கம் திரும்பவேயில்லை. "எனக்குத் தெரியாது மாமா, மன்னிக்கணும்" என்று பந்தை அவரிடம் கொடுத்தான். நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே வந்து பாலெடுக்க உதவுவதாகவும் சொன்னான்.

திரும்பும்போது எப்போதும்போலப் பேசினான். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நானும் ஒரு நக்கல் விட்டிருப்பேன்.

அலாரம் வைத்துவிட்டுத் தூங்குகிறான். இருட்டோடு கிளம்ப அவனுக்கு டார்ச் வேண்டும்; அதில் பேட்டரி இல்லாமல் இருந்தது. காலையில் விளையாட்டுக்குக் கழற்றி ஒளித்தது நான்தான். இப்போதுதான் போய்த் திரும்பப் போட்டேன். இன்னும் தூக்கம் வரவில்லை. நாளையும் மாமா, ஆரு சொல்லித் தந்தது என்று கேட்பார். அவன் சொல்லமாட்டான். அப்போது நான் அங்கே நிற்கவேண்டும்.