நம் கடை மாத்திரை

மனுரேவா, ஆக்லாந்து
4-3-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தாரிணி எழுதுகிறேன். போனை எடுத்தால் அம்மாவே பேசி முடித்துவிடுகிறாள், உங்களிடம் ஒன்றும் வந்து சேர்வதில்லை. அதனால்தான் கடிதம்.

ஆறாம் மாதம் தொடங்கிவிட்டது. குழந்தை நன்றாக உதைக்கிறது. எனக்குத்தான் இடுப்பு விட்டுப்போகிறது. மங்கரேயில் ஏர்போர்ட் கார்கோவில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. என்னைப் பார்க்க வரும் பிரசவ நர்ஸ், இங்கே மிட்வைஃப் என்பார்கள், ஒத்தடம் கொடு, பாரசிட்டமால் மட்டும் போடு என்கிறாள். அது எனக்கு எந்த மூலைக்கு? போன வருஷம் நீங்கள் கொடுத்தனுப்பிய இடுப்பு வலி மாத்திரை இருக்கிறது. போடலாமா? உங்கள் மாப்பிள்ளை வேண்டாம் என்கிறார். நீங்கள் சொன்னால் போடுகிறேன்.

உங்கள்
தாரிணி

மயிலாடுதுறை
21-3-2024

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் படித்தவர். மருந்துக்கடையில் முப்பத்தைந்து வருஷம் நின்றவன் நான். தாராளமாகப் போடு. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு. டாக்டரிடம் போக நேரமில்லாத பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நம் கடைக்குத்தான் வருகிறார்கள். ஒருத்தியும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

அடுத்த வாரம் எதிர்வீட்டு உஷா ஆக்லாந்து வருகிறாள். இன்னும் நாலு அட்டை கொடுத்து விடுகிறேன். அம்மா குங்குமப்பூ வைத்திருக்கிறாள், அதையும் பாலில் போட்டுக் குடி. வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்காதே.

உன் அப்பா
பாஸ்கரன்

மனுரேவா
9-6-2024

அப்பாவுக்கு,

குழந்தை தங்கவில்லை என்று மட்டும் போனில் சொன்னேன். ஏன் என்று நீங்கள் கேட்டபோது போனை உங்கள் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

அசைவு குறைந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பனிக்குடத்தில் தண்ணீரே இல்லை என்றார்கள். இரண்டாம் நாள் துடிப்பு நின்றுவிட்டது. பெண் குழந்தை, அப்பா. உங்கள் நெற்றி.

பிறகு ஒரு டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார். மாத்திரை அட்டையைக் காட்டினேன். ஆறு வாரம் தினம் இரண்டு போட்டதைச் சொன்னேன். இந்த மாதங்களில் இதைத் தொடர்ந்து போட்டால் குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கும், தண்ணீர் வற்றும் என்றார். இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றார்.

வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று மிட்வைஃப் ஒவ்வொரு முறையும் கேட்டாள். இல்லை என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. நீங்கள் கொடுத்தது எனக்கு மருந்தாகவே தோன்றவில்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. கொஞ்ச நாள் போன் செய்யாதீர்கள்.

தாரிணி

மயிலாடுதுறை
2-7-2024

தாரிணிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அந்த டாக்டருக்கு என்ன தெரியும் என்றுதான் முதலில் எழுத ஆரம்பித்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

உனக்கு முன்னால் ஒரு அண்ணன் எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டான், உனக்குத் தெரியும். அப்போது அம்மாவுக்கும் இடுப்பு வலி. இதே மாத்திரையைத் தினமும் கடையிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். நீ வயிற்றில் இருந்தபோது அவளுக்கு வலி இல்லை, கொடுக்கவும் இல்லை. இத்தனை வருஷத்தில் இதை ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

குடம் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியதால்தான் அவன் போனான் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். நேற்று உன்னை நினைத்து அழுதபோதும் சொன்னாள். "நானாச்சும் குடம் தூக்குனேன், எம் பொண்ணு என்னங்க செஞ்சா?" என்று என்னைக் கேட்டாள்.

மாத்திரையைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை, தாரிணி.

அப்பா