அக்காவுக்கு நான் எழுதிக்கொடுத்த பதில்

என் பிரியத்துக்குரிய கோமதி அக்கா,

நேற்று நம் கம்பெனிக்கு மறுபடியும் ஆடிட் வந்தது. போன வருடம் வந்த அதே வெள்ளைக்காரம்மா. பனியன் வாங்கும் நாட்டிலிருந்து, நம்மை மனிதர்களாக நடத்துகிறார்களா என்று பார்க்க வருகிறவர். அவர் வரும் நாளில் மட்டும் அவசர வழியின் பூட்டு திறந்திருக்கும்.

போன வருடம் உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான்தான். டெய்லர்களே இங்கிலீஷில் பதில் சொன்னால் ஆர்டர் உறுதி என்று மேனேஜர் நம்பினார். துணி செக்கிங்கில் இருந்த, கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த என்னைப் பிடித்துவந்து நிறுத்தினார். சம்பளம் வந்துவிட்டதா, பயிற்சி கொடுத்தார்களா, எல்லாக் கேள்வியும் 'ஹேவ்' என்றுதான் தொடங்கும், 'எஸ்' என்று சொல்லிவிடுங்கள் என்று பதிலை எழுதியும் கொடுத்தேன். நீதான் கேட்டாய்:

"ஏன்டா, கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டாலும் எஸ்தானா? அப்ப மாப்பிள்ளைய நீதான் தேடிக் கொண்டாரோணும்."

தையல் லைன் முழுக்கச் சிரித்தது.

உன் மெஷின் வயர் பிய்ந்து கிடந்ததை நீ இரண்டு முறை மேனேஜரிடம் சொல்லியிருந்தாய். எனக்கும் தெரியும். ஆனாலும், மெஷின்களைச் சோதித்திருக்கிறார்களா என்று அந்தம்மா கேட்டபோது, என்னைப் பார்த்துக்கொண்டே "எஸ், தே ஹேவ்" என்றாய். நான் தலையாட்டினேன். என்ன நினைத்து என்னைப் பார்த்தாய்?

அடுத்த மழையில், ஈரத் தரையில், அந்த வயர்தான் உன்னைக் கொன்றது. கம்பெனி அதை மாரடைப்பு என்று எழுதியது. இருபத்து நான்கு வயதில் மாரடைப்பு. திருப்பூரில் எத்தனை பேருக்கு இந்த நோய் கம்பெனிக்குள்ளேயே வருகிறது?

இந்த முறை மேனேஜர் ஒரு கேள்வியைச் சேர்த்தார். இங்கே விபத்து நடந்திருக்கிறதா? 'நோ' என்று சொல்லிக்கொடு என்றார். நான் என் செக்கிங் மேசைக்குத் திரும்பிவிட்டேன். அவரே சொல்லிக்கொடுத்தார். உன் பக்கத்து மெஷின் ராசாமணி அக்கா மதியம் என்னிடம் வந்தார்.

"கண்ணு, கோமதிய நெனச்சா எனக்கும் வயிறு எரியுது. ஆனா ஆர்டர் போச்சுன்னா எங்க ஊட்டுல ஒல வெக்கறது எப்படி சாமி?"

உன் சாவையும் அவர்கள் சோற்றையும் எதிரெதிரே நிறுத்தியவன் யார்?

அந்தம்மா என் முன் உட்கார்ந்தார். எனக்குப் பின்னால் மேனேஜர். விபத்துக் கேள்வி வந்தது.

"எஸ்," என்றேன். "மை சிஸ்டர்."

பேனா நின்றது.

"பையனுக்கு மனசு செரியில்லீங்க மேடம்," என்று மேனேஜர் பதற்றத்தில் தமிழிலேயே உளறினார். அந்தம்மா அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். வயரைச் சொன்னேன். மாரடைப்பைச் சொன்னேன். உனக்கு நான் எழுதிக்கொடுத்த பதிலையும் சொன்னேன்.

வெளியே வந்ததும் வேலை போய்விட்டது. நாளை அந்தம்மா நம் வீட்டுக்கு வருகிறார், அம்மாவிடம் கேட்க. அதற்குள் இன்று காலையே மேனேஜரின் ஆள் வந்துவிட்டான்.

"மாரடைப்புன்னே சொல்லீருங்கம்மா. தம்பிக்கு மறுபடியும் வேலை போட்டுத் தர்றோமுங்க."

அவன் போனதும் அம்மா கேட்டாள்: "நான் என்னடா சொல்லட்டும்?"

உன்னைக் குளிப்பாட்டியவள் அவள். கருகிய உள்ளங்கையைப் பார்த்தவள். அக்கா, உன்மேல் சத்தியம்: அவள் வாயில் நான் ஒரு வார்த்தையும் வைக்க மாட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்வதை ஒன்றுகூட விடாமல் இங்கிலீஷில் சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவன்,
செந்தில்