மனுவில் முதல் கையெழுத்து

புரட்டாசி, ஞாயிறு இரவு

உலகத் தடகளப் போட்டியின் தொடர் ஓட்டத்தில் இந்தியா மூன்றாவதாக வந்தது. முதலில் ஓடியவள் என் மகள் கலா. தெருவே வெடி போட்டது. பத்தே நிமிஷத்தில், கலா பக்கத்துத் தடத்தில் கால் வைத்துவிட்டாள் என்று டீமையே நீக்கிவிட்டார்கள்.

வரப்பில் ஓடிப் பழகியவள், ஒரு நாளும் நாற்றை மிதித்ததில்லை.

“என் பொண்ணு வெச்சிருக்கவே மாட்டா!” என்று தெருவில் நின்று கத்தினேன். எதிர்வீட்டு அண்ணன் உடனே மனு எழுதினார். நாளைக்குத் தஞ்சாவூர் போய்க் கலெக்டரிடம் கொடுப்பதாம். ஊரே கையெழுத்துப் போட்டது.

இப்போதுதான் கலா போன் செய்தாள்.

“கால் வெச்சது அப்பவே தெரியும்மா. யார்கிட்டயும் சொல்லலை.”

மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.