தெருவில் எத்தனை தலை

தஞ்சாவூர்
9-1-44

அன்புள்ள ஐரின்,

நாங்கள் சுகம். உங்கள் வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணத்தை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்போது அப்பாவைப் பழைய பள்ளிக்கூடத்திலேயே திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் ரேஷன் கார்டு கேட்கப் பட்டணம் போனவரிடம், "உங்கள் நான்கு பேர் பெயரும் அந்தப் பழைய தெருவிலேயே ஒரு கார்டில் இருக்கிறதே" என்று சொல்லி மறுத்துவிட்டார்களாம். கார்டு இல்லாவிட்டால் அரிசி இல்லை. நாங்கள் வர முடியாது.

யார் வீட்டுக் கார்டு என்று கேட்டால் அப்பா சொல்ல மறுக்கிறார். உங்கள் வீட்டில் சாப்பிடாமல் திரும்பாதவர், இந்தத் தடவை நேரே ரயிலேறிவிட்டார். நீதான் எதையும் கவனிக்கிறவள். கண்டுபிடித்து எழுது.

உன் நோரா

*

சாந்தோம்
16-1-44

பிரியமுள்ள நோரா,

நீங்கள் போனபோது தெருவில் ஏழு வீட்டில்தான் விளக்கு எரிந்தது. இப்போது குழாயடியில் ஐம்பது குடம். உங்கள் வீட்டில் மட்டும் மூன்று குடும்பம். சமையலறையில்கூட ஒரு குடும்பம். மீன்காரி குப்பம்மா, "இன்னா பாப்பா, ஊர்ல கீற ஜனமெல்லாம் இந்தச் சந்துலயே பூந்துகினு கீது!" என்கிறாள்.

எனக்குச் சண்முகவேல் மேல் சந்தேகம். உங்கள் முன்னறையில் குடியிருக்கிறார். நீங்கள் விட்டுப்போன பழைய தபால்களில் உங்கள் பெயர்களைப் பார்த்திருப்பார். ரேஷன் கடையிலிருந்து பெரிய பையாகத் தூக்கி வருகிறார். என்னைக் கண்டால் பையை மறு கைக்கு மாற்றிக்கொள்கிறார். எல்லாவற்றையும் நோட்டில் குறித்திருக்கிறேன். நாளைக்கு நேரிலேயே கேட்டுவிடப் போகிறேன்.

உன் ஐரின்

*

சாந்தோம்
22-1-44

நோரா,

குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டேன். சண்முகவேல் சிரித்துவிட்டார். "எங்கூட்ல ஏழு பேரு. ஏழும் உசுரோட கீது, வந்து எண்ணிக்கோ. ஆமா, உங்க நைனா கார்டுல எத்தினி பேரு? அத்தப் பாத்தியா?"

பார்த்தேன். நாங்கள் ஐந்து பேர். கார்டில் ஒன்பது. கடைசி நான்கு பெயர்: ஆரோக்கியநாதன், மர்சலின், பிலிப், நோரா.

அப்பாவிடம் நீட்டினேன். "கணக்கெடுக்க வந்தவன் எத்தனை பேருன்னான். ஊரே கூட்டித்தானே சொல்லுது, நானும் ஒம்பதுன்னேன். உடனே பேரைக் கேட்டுட்டான். தெரிஞ்ச பேருதானேடி வாயில வரும்?" என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். இத்தனை மாதமும் உன் பங்குச் சோற்றையும் நான் தின்றிருக்கிறேன்.

பெயர்களை நீக்கச் சொல்லி மனு எழுதிவைத்தேன். மூன்று நாள் அப்பா அதைத் தொடவில்லை. இன்று காலை கையெழுத்துப் போட்டார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி உங்களுக்குக் கார்டு கிடைக்கும். சண்முகவேலிடம் மன்னிப்புக் கேட்டேன். "போய்ப் படி" என்றார். உன் அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

ஐரின்

*

தஞ்சாவூர்
6-2-44

ஐரினுக்கு,

கார்டு கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை வருகிறோம். மேற்கு மாம்பலத்தில் ஒரே அறை. உங்கள் தெருவில் இடம் காலியானாலும் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இனிமே அந்த வீட்டுக்குக் கடுதாசி போடாதே" என்றார். இதை அம்மாதான் ரகசியமாகத் தபாலில் சேர்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோயிலுக்குப் பூசைக்கு வருவோம். அங்கே என்னைப் பார்த்தால் பேசாதே. திங்கட்கிழமை வகுப்பில் உன் பக்கத்தில் இடம் பிடித்து வை.

நோரா